ஐப்பசியில் கால் வைக்காத நிலம்

முடிச்சூர்,
14.8.2005

மேகலா அக்காவுக்கு,

தமிழினி எழுதுகிறேன். நலமா என்று கேட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். எனக்கு மனம் வரவில்லை. நீ தனசேகர் மாமாவோடு போய் ஒன்றரை வருடம் ஆகிறது. அதில் ஒரு நாளாவது நாங்கள் நலமா என்று நீ கேட்டாயா?

சுனாமி வந்த அன்று உங்கள் குப்பத்தை டிவியில் காட்டினார்கள். அம்மா டிவிக்கு முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு முகமாகத் தேடினாள். அப்பா சுவிட்சை அணைத்துவிட்டு வெளியே போனார். போனவர் டீக்கடை டிவி முன்னால் மத்தியானம் வரை நின்றிருந்ததாகப் பிறகு சொன்னார்கள். நீ பிழைத்தது நாலு நாள் கழித்து யாரோ சொல்லித் தெரிந்தது.

உன் விலாசத்தைப் போன வாரம் தாம்பரம் மார்க்கெட்டில் மீன் விற்கும் ஷர்மிளா அக்கா கொடுத்தார்கள். அம்மா சங்கரா மீனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோது என் கையில் ஒரு சீட்டைத் திணித்து, "உங்க அக்கா குட்த்துச்சு. உங்க நைனா கண்ணுல காட்டாத" என்றார்கள். சீட்டில் விலாசம் மட்டும்தான் இருந்தது. ஒரு வரி எழுத உனக்கு இடமா இல்லை?

நீ போன மறுநாள் அப்பா என் பள்ளிக்கூடப் பையைத் தூக்கிப் பரண்மேல் போட்டார். "ஒண்ண படிக்க வெச்சு அனுபவிச்சது போதும்" என்றார். ஒன்பதாம் வகுப்பு முழுப் பரீட்சைக்கு இரண்டு மாதம்தான் இருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. நான் எதற்குத்தான் என்ன சொல்லியிருக்கிறேன்? பேசுகிற பெண் ஓடிவிட்டாள், பேசாத பெண்ணைப் பூட்டிவிட்டார்கள்.

இப்போது எனக்கு ஒரே வேலை. அப்பா மனை போட்டு விற்கிற பொன்னி நகரைப் பார்க்க வருகிறவர்களுக்குக் கைப்பம்பில் அடித்து ஒரு டம்ளர் தண்ணீர் கொடுப்பது. "நீ வாயத் தொறக்க வேணாம். தண்ணிய மட்டும் குடு" என்று அப்பா சொல்லியிருக்கிறார். பத்தடியில் இளநீர் மாதிரித் தண்ணீர். இரண்டு வருடமாக லாரிக்குக் குடத்தோடு நின்றவர்கள் ஒரு வாய் குடித்ததும் என்னைச் சாமியைப் பார்ப்பது போலப் பார்ப்பார்கள். பாதிப் பேர் அந்த இடத்திலேயே முடிவு செய்துவிடுவார்கள்.

அப்படி வந்தவர்தான் ஹில்டா அக்கா. தாம்பரத்தில் மருந்துக் கடையில் வேலை. அவர் கணவர் ஐசக் அண்ணன் மஸ்கட்டில் இருக்கிறார். பொன்னி நகரில் முதலில் எழும்பிய வீடு அவர்களுடையது. கூட இருப்பது ஹில்டா அக்காவின் அப்பா எட்மண்ட். ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். வாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. ஹில்டா அக்கா வேலைக்குப் போகும் நேரத்தில் நான் அவரோடு இருக்கிறேன். நம் அப்பாவுக்கு அதில் மறுப்பு இல்லை. வாங்கினவர்கள் சந்தோஷமாக இருப்பதைப் பார்த்தால்தானே அடுத்தவர்கள் வருவார்கள்.

பதில் எழுதுவதானால் ஹில்டா அக்காவின் விலாசத்துக்கு எழுது. கீழே கொடுத்திருக்கிறேன். எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

தமிழினி


ஊரூர்க் குப்பம்,
அடையாறு,
23.8.2005

என் தமிழுக்கு,

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். மூன்றாம் தரம் என் மாமியார் பூவம்மாள், "இன்னாடி, லெட்டர மென்னு துன்னுட்டியா? வந்து வலய புடி" என்று கத்திய பிறகுதான் மடித்து வைத்தேன். நேரில் ஊம் ஊம் என்பதைத் தவிர ஒன்றும் சொல்லாத பெண்ணுக்குள் இத்தனை பேச்சு இருந்ததா?

உன் படிப்பு நின்றது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் போயிருக்க மாட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன். போயிருப்பேன். ஆனால் அதைத் தெரிந்துகொண்டு போயிருப்பேன். மன்னித்துவிடு என்று எழுதினால் அதுவும் அம்மா சங்கராவுக்குப் பேரம் பேசுவது போலத்தான் இருக்கும்.

சீட்டில் ஒரு வரி எழுத எத்தனையோ முறை உட்கார்ந்தேன். எதை எழுதுவது? தங்கும் கொட்டகை பற்றியா, அலை கொண்டுபோன கட்டுமரம் பற்றியா? நாங்கள் மூன்று பேரும் உயிரோடு இருக்கிறோம். உங்கள் மாமா இன்னொருவர் படகில் பங்குக்குப் போகிறார்.

உனக்கு ஒரு வேடிக்கை சொல்கிறேன். எங்கள் கொட்டகையிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஆறு கடலில் சேருகிறது. வந்த புதிதில் நான் இதை வேறு ஏதோ ஆறு என்று நினைத்தேன். கறுப்பாக, குழம்பு மாதிரி, நாற்றம் குடலைப் பிடுங்கும். இது எங்கிருந்து வருகிறது என்று மாமாவைக் கேட்டேன். "உங்க ஊர்லேந்துதான். பெத்தவளத் தெரிலயா உனுக்கு?" என்று சிரித்தார். நம் வீட்டுக்குப் பின்னால் ஓடுகிற அதே ஆறு, தமிழ்! ஆதனூர் ஏரியிலிருந்து வழிந்து, முடிச்சூரில் நாம் பாவாடையைத் தூக்கிக்கொண்டு தாண்டுவோமே, அது. திருநீர்மலையைத் தாண்டி அனகாபுத்தூர், மணப்பாக்கம், சைதாப்பேட்டைப் பாலம், கோட்டூர்புரம் என்று சுற்றி, ஊர் கழுவின தண்ணீரையெல்லாம் வாங்கிக்கொண்டு இங்கே வருகிறது. அன்றைக்கு ஆற்றங்கரையில் போய் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு அழுதேன். மாமியார் பார்த்துவிட்டு, "நாத்தம் புடிக்கலன்னா அழுவாங்களா, எங்க ஊரு பொண்ணுங்க வாந்திதான் எடுக்கும்" என்றாள்.

பொன்னி நகரில் உன் ஹில்டா அக்காவின் வீடு எந்தப் பக்கம்? ரோட்டுப் பக்கமா, உள்ளேயா? அதை மட்டும் எழுது.

மேகலா


முடிச்சூர்,
11.9.2005

அக்காவுக்கு,

உன் கடிதம் வந்த அன்று எட்மண்ட் அங்கிள் அதை முகர்ந்து பார்த்துவிட்டு, "கருவாட்டு வாசனை. லவ் லெட்டர் இல்ல" என்றார். எனக்கு முகம் சிவந்துவிட்டது. அவர் சீட்டாட்டத்தில் திருட்டு ஆட்டம் ஆடுகிறவர். வலது கையால் சீட்டை இடது கைக்கு அடியில் செருகி வைப்பார். "இந்தக் கை செத்த கை. போலீஸ்கூட இங்க தேடாது" என்பார். நான் பேசாமல் இருப்பது அவருக்குப் பிரச்சினையே இல்லை. நாற்பது வருடம் கடைசிப் பெட்டியில் தனியாகப் போனவர்.

நீ கேட்டதற்குப் பதில். பதினாறாம் மனை. உள்ளே, கடைசி. கைப்பம்பு இருக்கிற இடத்துக்குப் பக்கத்து மனை.

எதற்குக் கேட்டாய் என்று எனக்குத் தெரியும். நாம் வெள்ளரி போட்ட இடம்தான். அப்பா லாரி லாரியாகச் செம்மண் அடித்து மேலே தூக்கியிருக்கிறார். பார்த்தால் அடையாளம் தெரியாது. வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும்போது முழங்கால் ஆழத்துக்குக் கீழே வெள்ளை மணல் வந்தது. மேஸ்திரிக்கு ஒரே மகிழ்ச்சி. "ஆத்து மணலுக்கு லாரி வெக்க வேணாம்மா, உங்க வூட்டுக்குள்ளயே கீது" என்றார். ஹில்டா அக்காவும் சிரித்தார். நானும் சிரித்தேன்.

போன வாரம் ஹில்டா அக்கா ஒன்று கேட்டார். "தமிழ், மழைக்காலத்துல இந்தப் பக்கம் எப்படி? ரோடு சகதியாயிடுமா? அப்பாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்னா ஆட்டோ உள்ள வருமா?" என்றார். சகதியைப் பற்றித்தான் கேட்டார். அவருக்கு வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை. வரும் என்று தலையாட்டினேன்.

ஆட்டோ வரும் என்றுதான் தலையாட்டினேன். ஆனால் இரவெல்லாம் வேறு எதற்கோ தலையாட்டினது போல இருந்தது.

தமிழினி


ஊரூர்க் குப்பம்,
19.9.2005

தமிழு,

அது ஆறுடி. மண்ணைப் போட்டு மூடினால் ஆறு இல்லை என்று ஆகிவிடுமா?

நம் வீட்டில் அந்த நிலத்தை என்ன செய்தார்கள்? தை பிறந்தால் வெள்ளரி போடுவார்கள். சித்திரையில் பிடுங்குவார்கள். ஆடியில் மாடு மேயும். ஐப்பசி பிறந்துவிட்டால் அங்கே யாரும் கால் வைக்க மாட்டார்கள். அப்பாவே நம்மை எத்தனை முறை அடித்திருக்கிறார்! "மூணு மாசம் அது நம்முது இல்ல" என்பார். நீ இரண்டாவது படிக்கும்போது தண்ணீர் வந்ததே, நம் செவலை மாட்டைக் கொண்டுபோனதே, மறந்துவிட்டதா? மறுநாள் பார்த்தால் அந்த இடத்தில் பனைமரத்தின் பாதி வரைக்கும் குப்பை தொங்கியது.

அதற்குப் பிறகு பெரிய மழை இல்லை. இரண்டு வருடம் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் ஊரே காய்ந்தது. அதனால் எல்லோருக்கும் தைரியம் வந்துவிட்டது. ஐப்பசிக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. நடக்க முடியாத கிழவர் ஆற்றுக்கு நடுவில் படுத்திருக்கிறார். ஹில்டாவிடம் சொல். அவர்கள் மார்கழி வரைக்கும் தாம்பரத்தில் வாடகைக்கு ஒரு அறை பார்த்துக்கொள்ளட்டும். அது போதும். வேறு ஒன்றும் வேண்டாம்.

இதற்கு ஒரு நிமிடம் போதும். வாயைத் திற.

மேகலா


முடிச்சூர்,
16.10.2005

அக்காவுக்கு,

உனக்கு ஒரு நிமிடம். எனக்கு ஒரு மாதம் ஆகியும் முடியவில்லை.

ஒரு நாள் ஹில்டா அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தபோது, "மழைக்காலத்துல கொஞ்சம் பார்த்து இருங்கக்கா" என்றேன். "மழைக்கா? ஐயோ, மழை வந்தா நான் டான்ஸ் ஆடுவேன். ரெண்டு வருஷம் தண்ணிக்காக எப்படி அலைஞ்சோம் தெரியுமா?" என்றார். அதோடு என் சொல் தீர்ந்துபோனது.

பேச முடியாவிட்டால் எழுதலாம் என்று நினைத்தேன். நீ எழுதியதையெல்லாம் ஒரு தாளில் எழுதி அவர்கள் சமையலறையில் உப்பு ஜாடிக்கு அடியில் வைத்தேன். வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தவள் எழுந்தேன். அங்கிளுக்கு மாத்திரை கொடுக்க மறந்துவிட்டேன் என்று சொல்லி ஓடிப்போய் அதை எடுத்துக் கிழித்துப் போட்டேன்.

உனக்குத் தெரியாது. ஹில்டா அக்கா என்னைப் பத்தாவது தேர்வு தனியாக எழுதச் சொல்லி விண்ணப்பம் வாங்கி வந்திருக்கிறார். உன் கடிதங்கள் அவர் வீட்டுக்குத்தான் வருகின்றன. நான் வாயைத் திறந்த மறு நிமிடம் அவர் கேட்கப்போவது ஒன்றுதான்: "தெரிஞ்சேவா எனக்குத் தண்ணி குடுத்தே?" அதற்கு நான் என்ன சொல்வது?

அப்பாவைக் கேட்டேன். ஆமாம், நானே கேட்டேன். "அங்க தண்ணி வருமாப்பா?" என்றேன். ஷேவிங் செய்துகொண்டிருந்தார். கண்ணாடியில் என்னைப் பார்த்து, "ஏரியெல்லாம் தூந்துபோச்சு. இன்னமே ஆறு ஏது? யாரு உனக்குச் சொன்னது?" என்றார். நான் யாரும் இல்லை என்றேன்.

நீ சொல்லிவிட்டு ஓடிப்போகிறவள். நான் சொல்லிவிட்டு இங்கேயே இருக்க வேண்டும்.

இரண்டு நாளாக மழை பெய்கிறது. நல்ல மழை.

தமிழினி


ஊரூர்க் குப்பம்,
21.10.2005

தமிழு,

சண்டை பிறகு போடலாம். இங்கே முகத்துவாரம் மணல் மூடிக் கிடந்தது. தண்ணீர் தேங்கிப் பாலத்துக்குக் கீழே ஏறிக்கொண்டிருந்தது. மாமாவும் குப்பத்து ஆட்களும் மண்வெட்டியோடு போய் வாய் வெட்டிவிட்டார்கள். வந்து சொன்னார்: "மேகலா, நான் பொறந்ததுலேந்து இப்டி இழுத்துகினு போயி பாத்தது இல்ல. மேல எங்கியோ பலமா வந்துகினு கீது."

மாமியாரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள், "நாங்க வித்த மீனு நாறினா மூஞ்சிலயே தூக்கி அடிப்பாளுங்க. உங்க அப்பன் வித்தத எங்க தூக்கி அடிக்கிறது?" என்றாள்.

இந்தக் கடிதம் வந்து சேர்ந்த அன்றே சொல். ஹில்டா உன்னோடு பேசாமல் போனால் போகட்டும். பேசுவதற்கு அவள் இருக்க வேண்டும்.

மேகலா


ஊரூர்க் குப்பம்,
29.10.2005

தமிழு,

இதை ஷர்மிளாவிடம் கொடுத்து அனுப்புகிறேன். எப்படியாவது முடிச்சூர் வரைக்கும் போய் உன் கையில் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். வீட்டுக்குப் போன் செய்தேன். மணியே அடிக்கவில்லை.

இரண்டு நாளாக ஆற்றங்கரையில்தான் நிற்கிறேன். ஆகாயத்தாமரை தீவு தீவாக வருகிறது. நாற்காலி, கதவு, குடம், செத்த ஆடு, கேஸ் சிலிண்டர், ஒரு குழந்தையின் சைக்கிள். குப்பத்துப் பையன்கள் கயிறு போட்டு இழுக்கிறார்கள். "உங்க ஊரே வந்துகினு கீது மேகலா, எது உன்னுதுன்னு சொல்லு" என்று மாமா ஆரம்பித்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். நான் பொருளைத் தேடவில்லை. உடம்பு ஏதாவது வருகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

அங்கே நிற்கும்போது ஒன்றை உனக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை. அந்த டம்ளர் தண்ணீர் அப்பாவின் யோசனை இல்லை. என்னுடையது. முதல் கோடையில் மனை பார்க்க வந்தவர்கள் பள்ளமாக இருக்கிறதே என்று திரும்பிப் போனார்கள். அப்பா தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். நான்தான், "பேசாதீங்கப்பா, ஒரு டம்ளர் தண்ணி அடிச்சுக் குடுங்க, அவங்களே வாங்குவாங்க" என்றேன். அன்றைக்கே மூன்று மனை போனது. அப்பா என்னைக் கெட்டிக்காரி என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. பிறகு நான் போய்விட்டேன், டம்ளர் உன் கைக்கு வந்தது. வாயைத் திற வாயைத் திற என்று உன்னை விரட்டிய ஒரு கடிதத்திலும் இதை நான் எழுதவில்லை.

ஒரு வரி போதும். உயிரோடு இருக்கிறாயா? அந்தப் பெரியவர்?

மேகலா


முடிச்சூர்,
6.11.2005

அக்காவுக்கு,

இருக்கிறேன். அங்கிளும் இருக்கிறார். தாம்பரத்தில் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். நெஞ்சில் சளி. எல்லாவற்றையும் வரிசையாக எழுதுகிறேன், இல்லாவிட்டால் எனக்கே குழம்புகிறது.

உன் 21ஆம் தேதிக் கடிதம் 26ஆம் தேதிதான் வந்தது. படித்துவிட்டு ஹில்டா அக்கா வேலையிலிருந்து வரும் வரை காத்திருந்தேன். முழுக்க நனைந்து வந்தார். "நாளைக்கு லீவு போடவா தமிழ்? இல்ல, ஸ்டாக் வருது, போய்த்தான் ஆகணும்" என்றார். நான் குடையை விரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன்.

மறுநாள் காலையில் நான் போனபோது அவர் வேலைக்குக் கிளம்பிவிட்டார். மழை நிற்கவே இல்லை. பத்து மணி இருக்கும். தண்ணீர் ஆற்றுப் பக்கமிருந்து வரவில்லை. முதலில் கைப்பம்பைச் சுற்றி மணல் உலை கொதிப்பது போலக் கொதித்தது. பிறகு வாசல் தெரியவில்லை. பிறகு படி தெரியவில்லை. நான் கத்தினேன். அக்கா, நான் கத்தினேன். பக்கத்து மனையில் கூரை போட்டுத் தங்கியிருந்த இரண்டு கொத்தனார்கள் வந்து சாப்பாட்டு மேசைமேல் கட்டிலைத் தூக்கி வைத்து அங்கிளை அதன்மேல் உட்கார வைத்தார்கள். கயிறு கொண்டுவருகிறோம் என்று போனார்கள். அவர்கள் திரும்பி வர முடியவில்லை.

நான் கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தண்ணீர் இடுப்புக்கு வந்தது. பிறகு மார்புக்கு வந்தது. மேசை மிதக்கப் பார்த்தது. அப்போதுதான் சொன்னேன். "அங்கிள், இது ஆறு. எங்களுக்குத் தெரியும். எப்பவும் இங்கதான் வரும்" என்றேன். அவர் வலது கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். "வண்டி மோதினப்புறம் சிவப்புக் கொடி காட்டுறே" என்றார். சிரிக்கத்தான் சொன்னார். இருவருக்கும் சிரிப்பு வரவில்லை. பிறகு, "கால விட்டுடாத" என்றார். கட்டில் காலைத்தான் சொன்னார்.

மூன்று மணிக்கு அப்பா வந்தார். லாரி டியூபை இடுப்பில் கட்டிக்கொண்டு, கழுத்து வரை தண்ணீரில், என் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே வந்தார். அங்கிளை டியூபில் கட்டிப் பாதித் தூரம் இழுத்தார், பாதித் தூரம் முதுகில் சுமந்தார். நான் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு வந்தேன். மேட்டுக்கு வந்து சேர்ந்ததும் அப்பா குப்புற விழுந்து தண்ணீர் கக்கினார். அவரை நான் இதற்கு முன் அப்படிப் பார்த்ததில்லை.

ஆஸ்பத்திரியில் அங்கிள் ஹில்டா அக்காவிடம் சொன்னதை நான் கதவோரம் நின்று கேட்டேன். "அந்த மனுஷன் நேரா வரல. வளைஞ்சு வளைஞ்சு வந்தாரு. எங்க மேடு, எங்க பள்ளம்னு கண்ணு தெரியாத தண்ணில ஒரு அடி தப்பல. தண்டவாளம் தெரிஞ்சவன்தான் அப்படி வருவான்." ஹில்டா அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். நான் பயந்த அந்தக் கேள்வியை அவர் கேட்கவே இல்லை. கதவைச் சாத்திக்கொண்டார்.

டம்ளர் உன் யோசனையாக இருக்கட்டும். முந்தின நாள் மாலை குடையை விரித்தது நான்.

தமிழினி


ஊரூர்க் குப்பம்,
12.11.2005

தமிழு, நானும் மாமாவும் வந்து உன்னை அழைத்துப் போகிறோம். கொட்டகைதான், ஆனால் இடம் இருக்கிறது. மாமியாரே சொல்கிறாள், "அந்த ஊமப் பொண்ண இட்டாந்துரு, எனக்கும் கத்தாத ஒரு ஆளு வேணும்" என்று. சரி என்று ஒரு வார்த்தை எழுது. மேகலா


முடிச்சூர்,
20.11.2005

அக்காவுக்கு,

இப்போது வரவில்லை. உன் அஞ்சலட்டை எங்கள் வீட்டு விலாசத்துக்கே வந்தது. அப்பாதான் வாங்கினார். படித்துவிட்டுத் டிவிமேல் வைத்தார். இனி இங்கேயே எழுது, என் பெயருக்கு.

நேற்று பொன்னி நகர்க்காரர்கள் எல்லோரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். இருபத்தைந்து பேர் இருப்பார்கள். வீடு கட்டியவர்கள், கட்டிக்கொண்டிருப்பவர்கள், மனை மட்டும் வாங்கியவர்கள். ஹில்டா அக்காவும் பின்னால் நின்றார். ஸ்ரீரங்கன் என்று ஒருவர், சிட்லபாக்கத்தில் வாடகைக்கு இருப்பவர், முன்னால் வந்து பேசினார். "சார், ஒரே ஒரு கேள்வி. இது தண்ணி வர்ற இடம்னு உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?"

அப்பா, "ஏரி ஒடஞ்சா நான் இன்னா பண்றது சார்? ஊரெல்லாம்தான் தண்ணி. நான் பொறந்ததுலேந்து அங்க தண்ணி வந்தது இல்ல" என்றார்.

"சத்தியமா?"

"நான் சொன்னா நம்ப மாட்டீங்க. எம் பொண்ணக் கேளுங்க. பெரியவரோட தண்ணில நின்னது அவதான். அவ பொய் பேச மாட்டா."

அப்பா அதை நிஜமாகவே சொன்னார் அக்கா. நான் பொய் பேசமாட்டேன் என்றும் நம்பினார், பேசவே மாட்டேன் என்றும் நம்பினார். அம்மா உள்ளேயிருந்து, "ஜனங்க நடுவுல பொண்ண ஏன் இழுக்குறீங்க?" என்றாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு, "வரும்" என்றேன். கேட்கவில்லை என்றார்கள். "வரும். நான் ரெண்டாவது படிக்கும்போது வந்துது. அதுக்கு முன்னாடியும் வந்துது. ஐப்பசில நாங்க அங்க கால் வெக்க மாட்டோம். அது ஆறு" என்றேன்.

யாரும் கத்தவில்லை. ஸ்ரீரங்கன் சார் மெதுவாகக் கேட்டார். "எதுவரைக்கும்மா? எல்லா மனையுமா? எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுது?"

வாயால் சொல்ல எனக்குத் தெரியவில்லை. "வாங்க" என்று சொல்லி நடந்தேன். நாம் வெள்ளரிக் கூடையைத் தூக்கிக்கொண்டு வருவோமே, அந்தப் பழைய கரை. இப்போது கரை இல்லை, எல்லாம் சமம். ஆனால் என் கால்களுக்குத் தெரிந்திருந்தது. மண்ணிவாக்கம் பக்கம் ஆறு திரும்புகிற முனையில் தொடங்கி, பனைமரம் இருந்த இடத்தில் வளைந்து, கிணற்று மேட்டை ஒட்டி, வரதராஜபுரம் போகிற மண்ரோடு வரைக்கும் போனேன். யாரோ ஒருவர் வெள்ளம் வடிந்த இடத்தில் தெளிக்கக் கொடுத்திருந்த பிளீச்சிங் பவுடர் மூட்டையைத் தோளில் வைத்திருந்தார். நான் நடக்க நடக்க என் பின்னாலேயே அதைக் கோடாகக் கொட்டிக்கொண்டு வந்தார். திரும்பிப் பார்த்தால் தெருவுக்குக் குறுக்கே, ஒரு வீட்டுப் படியின்மேல், இன்னொரு வீட்டின் துளசி மாடத்தைச் சுற்றி அந்த வெள்ளைக் கோடு வந்துகொண்டிருந்தது.

ஒவ்வொருவரும் கேட்டார்கள். "அஞ்சாம் நம்பர்?" ஆற்றுக்கு வெளியே. "எட்டு?" உள்ளே. "எங்களோடது கார்னர் பிளாட், பன்னெண்டு, பாதி இந்தப் பக்கம் வருதே?" பாதி உள்ளே. ஒரு அம்மா கர்ப்பமாக இருந்தார், வாயால் கேட்கவில்லை, ஒரு வீட்டைக் கையால் காட்டினார். உள்ளே என்றேன். அவர் சரிம்மா என்றார். நான் என் வாழ்க்கையில் பேசினதையெல்லாம் கூட்டினாலும் நேற்றுப் பேசினதுக்கு வராது. உள்ளே, வெளியே, உள்ளே, உள்ளே. அப்பா கிணற்று மேடு வரைக்கும் பின்னால் வந்தார். ஒரு தரம், "போதும் தமிழு" என்றார். நான் நிற்கவில்லை. பிறகு அவர் வரவில்லை.

மண்ரோட்டில் பவுடர் தீர்ந்தது. எல்லோரும் கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வீட்டுக் கடன் கட்டிக்கொண்டிருக்கிறவர்கள், அதை விட்டு எங்கேயும் போக முடியாதவர்கள். ஹில்டா அக்கா தன் வீட்டைப் பற்றிக் கேட்கவே இல்லை. கேட்க வேண்டியதில்லை. ஆஸ்பத்திரிக் கதவைச் சாத்தின பிறகு என்னோடு ஒரு வார்த்தை பேசாதவர், கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து என் எதிரில் நின்றார்.

"உங்க வீடு எங்க இருக்கு தமிழ்?"

அவருக்குத் தெரியும். அங்கிருந்து பார்த்தாலே எங்கள் மொட்டை மாடி தெரிகிறது. எல்லோரும் திரும்பி அதைத்தான் பார்த்தார்கள். இருந்தும் நான் சொல்லட்டும் என்று நின்றார்.

"மேட்டுல, அக்கா" என்றேன்.

தமிழினி